பக்கத்துத் தெருவுக்கு கூரியர் எதற்கு? ஆன்லைனில் விற்றதை நேரில் கொடுப்பதன் கணக்கு

ஆர்டர் வருகிறது. முகவரியைப் பார்த்தால் நடந்தே போய்விடும் தூரம். ஆனால் பார்சல் முதலில் கூரியர் கிடங்குக்குப் போகும், ஒரு இரவோ இரண்டு இரவோ அங்கே கிடக்கும், பிறகு புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கும். இதற்குக் கட்டணம் வேறு. "நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன?" என்று விற்பவருக்குத் தோன்றுவது இயல்பு. வாங்கியவரும் சில நேரம் இதையே கேட்பார்: "பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், கூரியர் காசைத் திருப்பித் தந்துவிட்டு நேரில் கொடுங்களேன்."

கொடுக்கலாமா என்றால், சில பொருள்களுக்கு அதுதான் சரி, பெரும்பாலான பொருள்களுக்கு வேண்டாம். எந்தப் பொருளுக்கு எது என்று பிரித்துச் சொல்ல, பணம் எப்படித் திரும்பிப் போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தூரத்துக்கு இதில் பெரிய பங்கில்லை.

## "நேரில்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு முறைகள்

பேச்சில் எல்லாவற்றையும் "நேரில் கொடுத்தேன்" என்றே சொல்கிறோம். விற்பனைத் தளங்கள் இவற்றை வேறு வேறாகப் பார்க்கின்றன.

1. வாங்குபவர் ஆர்டர் போடும்போதே "நேரில் எடுத்துக்கொள்கிறேன்" என்று தேர்வு செய்து, விற்பவர் இடத்துக்கு வந்து எடுப்பது. இந்த வசதி பல தளங்களில் அதிகாரபூர்வமாகவே உண்டு.
2. வாங்குபவர் கூரியருக்குப் பணம் கட்டி ஆர்டர் போட்டபின், விற்பவர் தானாக முடிவெடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது.
3. இருவரும் பேசி, நடுவில் ஒரு பொது இடத்தில் சந்திப்பது.
4. வாங்குபவர் தன் சார்பில் ஒரு ஆளையோ வண்டியையோ அனுப்பி எடுத்துக்கொள்வது.

குழப்பமும் நஷ்டமும் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும்தான் வருகின்றன. முதலாவதில் தளமே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. இரண்டாவதில் ஆர்டர் "கூரியரில் போகிறது" என்றுதான் தளத்தின் கணக்கில் நிற்கும். பொருள் கைமாறியது அந்தக் கணக்குக்குத் தெரியவே தெரியாது.

## கூரியர்க்காரர் ஒரு சாட்சி

கூரியருக்குக் கொடுக்கும் காசில் இரண்டு வேலைகள் அடக்கம். ஒன்று பொருளைச் சுமப்பது. மற்றொன்று, பொருள் எப்போது எங்கே கொடுக்கப்பட்டது என்பதற்கு விற்பவரும் அல்லாத வாங்குபவரும் அல்லாத மூன்றாம் ஆளின் பதிவு. டிராக்கிங் எண் என்பது அந்தப் பதிவின் பெயர். விற்பவரிடமிருந்து எடுத்த நேரம், கிடங்கில் ஸ்கேன் ஆன நேரம், கதவருகே ஸ்கேன் ஆன நேரம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். விற்பவர் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு.

பக்கத்துத் தெருவுக்கு நேரில் கொண்டுபோகும்போது முதல் வேலை மிச்சமாகிறது, இரண்டாவது வேலையைச் செய்ய ஆளில்லை. "கிடைத்தது" என்பதற்கு வாங்கியவரின் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். அவர் நல்லவராக இருக்கும் வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்தான். இடர் என்பது மிச்சமுள்ள சிலரைப் பற்றியது.

## தகராறு வந்தால் என்ன நடக்கிறது

வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்க இரண்டு பெரிய காரணங்கள் உண்டு: "பொருள் வரவில்லை", "சொன்னபடி பொருள் இல்லை". இரண்டையும் கலந்து யோசிக்கக் கூடாது. நேரில் கொடுப்பது முதல் புகாரில் விற்பவரைப் பலவீனப்படுத்துகிறது. இரண்டாவதில் கொஞ்சம் உதவவும் செய்யலாம்.

"வரவில்லை" என்ற புகாருக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் காலக்கெடு வேறு.

1. விற்பனைத் தளம். ஈபேயில், கடைசியாக மதிப்பிட்ட டெலிவரி நாளிலிருந்து 30 நாள் வரை வாங்கியவர் புகார் செய்யலாம். விற்பவர் பதிலளிக்க 3 வேலை நாள் கிடைக்கும். அமேசானில் 'ஏ-டு-இசட்' உத்தரவாதத்தின் கீழ் 90 நாள் வரை கேட்க வழியிருக்கிறது.
2. பணம் கைமாற்றும் நிறுவனம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகாரைத் தொடங்கலாம்.
3. கார்டு கொடுத்த வங்கி. கார்டுதாரர் வங்கியிடம் முறையிட்டு, கட்டிய பணத்தை விற்பவரிடமிருந்து பின்னோக்கி இழுப்பதுதான் சார்ஜ்பேக். விசாவில் "பொருள் வரவில்லை" என்ற காரணத்துக்கு 13.1 என்று தனிக் குறியீடே உண்டு. பொதுவாக இதற்கு 120 நாள் அவகாசம்.

தளத்தில் தோற்றவர் வங்கிக்குப் போகலாம். ஆக, கொடுத்து நாலு மாதம் கழித்தும் கேள்வி வரலாம். அப்போது "அன்று மாலை கையில் கொடுத்தேனே" என்ற நினைவு யாருக்கும் பயன்படாது.

புகாரை ஆராயும் ஊழியர் முதலில் பார்ப்பது டிராக்கிங் பதிவில் "டெலிவரி ஆனது" என்று இருக்கிறதா, அது ஆர்டரில் உள்ள முகவரியோடு பொருந்துகிறதா என்பதைத்தான். ஈபேயில் மொத்தத் தொகை 750 டாலரைத் தொட்டால், டெலிவரிப் பதிவோடு வாங்கியவரின் கையெழுத்தும் வேண்டும். கைவினைப் பொருள் தளமான எட்ஸியின் விற்பவர் பாதுகாப்பும் (புகார் வந்தாலும் விற்பவரின் பணத்தைக் காக்கும் ஏற்பாடு) செல்லுபடியாகும் டிராக்கிங்கைக் கேட்கிறது. பேபால் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: நேரில் கொடுத்த பொருளுக்கு "வரவில்லை" என்ற புகார் வந்தால் விற்பவர் பாதுகாப்பு பொருந்தாது. வாங்குபவர் அந்த இடத்திலேயே பேபாலின் வணிகக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டியிருந்தால் அது விதிவிலக்கு. இந்த ஒரு விதியைப் படித்தபிறகும் விலை உயர்ந்த கேமராவைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பவர் துணிச்சல்காரர்தான்.

பணம் போகாவிட்டாலும் கணக்கின் தரம் அடிபடலாம். அமேசானில் தானே அனுப்பும் விற்பவர்கள் 95 சதவீதப் பார்சல்களுக்குச் செல்லுபடியாகும் டிராக்கிங் காட்ட வேண்டும். மாதத்துக்கு இருபது பார்சல் அனுப்பும் ஒருவர் இரண்டை நேரில் கொடுத்தாலே 90 சதவீதத்துக்கு இறங்கிவிடுவார்.

## "சொன்னபடி இல்லை" என்ற புகாரில்

இங்கே நேரில் கொடுப்பவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பெட்டியைத் திறந்து, பொருளை இயக்கிக் காட்டி, கீறல் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். போகும் வழியில் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்ற வாதத்துக்கே இடமில்லை. கைப்பேசியாக இருந்தால் பழைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு நீங்கியிருக்கிறதா என்று வாங்குபவர் முன்னிலையிலேயே சோதிக்கலாம். தொலைவில் விற்கும்போது பல தகராறுகளுக்கு மூலகாரணமே இந்தப் பூட்டுதான்.

ஆனால் "அவர் பார்த்துத்தானே வாங்கினார், இனி திருப்ப முடியாது" என்று நினைப்பது தவறு. பணம் தளத்தின் வழியாகப் போயிருந்தால் தளத்தின் திருப்பும் விதிகள் அப்படியே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், தொலைவிலிருந்து செய்த வணிக ஒப்பந்தத்தை நுகர்வோர் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். ஒப்பந்தம் எப்படி ஏற்பட்டது என்பதே அங்கே கேள்வி. பொருள் எப்படி வந்து சேர்ந்தது என்பது அல்ல. தொழிலாக விற்பவர் தானே கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த 14 நாள் நிற்கும். வீட்டிலிருந்த பழைய பொருளை விற்கும் தனிநபருக்கு இது பொருந்தாது.

## லேபிள் ஒட்டிவிட்டு கையில் கொடுக்கும் தந்திரம்

"கூரியர் லேபிள் வாங்கி டிராக்கிங் எண்ணைத் தளத்தில் ஏற்றிவிடுகிறேன், பொருளை மட்டும் நேரில் கொடுத்துவிடுகிறேன், இரண்டும் ஆயிற்று" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இது இரண்டையும் கெடுக்கும் வழி.

ஸ்கேன் ஆகாத லேபிளின் டிராக்கிங் பக்கத்தில் "லேபிள் உருவானது, பொருள் இன்னும் வந்து சேரவில்லை" என்ற ஒற்றை வரி நின்றுகொண்டே இருக்கும். வாங்கியவர் புகார் செய்தால் அந்த வரி அவர் பக்கம் பேசும். அனுப்பாததை அனுப்பியதாகக் குறித்தார் என்று தளமும் விற்பவரைத்தான் பார்க்கும். அனுப்பவே இல்லாத பார்சலுக்குப் போலி டிராக்கிங் எண் தருவது மோசடிக்காரர்களின் வாடிக்கை. நேர்மையாகக் கொடுத்தவரும் கணினியின் கண்ணுக்கு அதே சாயலில்தான் தெரிவார்.

## நிமிடங்களில் ஒரு கணக்கு

கூரியர் காசு மிச்சம் என்று பார்ப்பவர்கள் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கீழே உள்ளவை மாதிரி எண்கள். அவரவர் நிலைமைக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

கூரியரில் அனுப்ப: நன்றாகப் பொதிய 12 நிமிடம், லேபிள் அச்சிட 3 நிமிடம். கூரியர் அலுவலகம் போய்வர 20 நிமிடம், ஆனால் ஒரே நடையில் ஐந்து பார்சலைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்கு 4 நிமிடம். மொத்தம் 19.

நேரில் கொடுக்க: லேசாகப் பொதிய 5, நேரம் குறிக்கச் செய்தி அனுப்பிக் காத்திருக்க 10, ஆறு கிலோமீட்டர் போக 18, வர 18, வண்டியை நிறுத்திக் காத்திருக்க 8. மொத்தம் 59.

ஐந்தில் ஒருமுறை ஆள் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொண்டால், நான்கு முறை வெற்றிகரமாகக் கொடுக்க ஒரு நடை வீணாகிறது. அந்த வீண் நடையின் 44 நிமிடத்தை நான்கால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 11 நிமிடம் கூடும். ஆக 70. கூரியரை விட 51 நிமிடம் அதிகம். மிச்சமாகும் கூரியர் கட்டணம் இந்த 51 நிமிடத்துக்கு ஈடா என்பதே கேள்வி, எரிபொருள் தனி.

எப்படியும் போகிற வழியிலேயே அந்த வீடு இருந்தால் படம் மாறும். திருப்பத்துக்கு 6 நிமிடம்தான் கூடுகிறது என்றால் மொத்தம் 29. அப்போது கூரியரை விட 10 நிமிடமே அதிகம், கட்டணம் முழுதும் மிச்சம். தூரத்தைவிட "வழியில் இருக்கிறதா" என்பதே முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

இதோடு இடரையும் சேர்க்க வேண்டும். நூறில் ஒருமுறை பொருளும் போய் பணமும் போகும் என்று வைத்தால், ஒவ்வொரு முறையும் பொருள் விலையில் ஒரு சதவீதத்தை மனதுக்குள் எடுத்து வைக்க வேண்டும். விலை குறைந்த பொருளில் அது சில்லறை. விலை உயர்ந்ததில் அந்த ஒரு சதவீதமே கூரியர் கட்டணத்தைத் தாண்டிவிடும். மேலும், விலை உயர்ந்த, எளிதில் மறுபடி விற்கக்கூடிய பொருள்களைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். கைப்பேசி, நகை, கேமரா லென்ஸ், விளையாட்டுக் கன்சோல் போன்றவற்றில் நூறில் ஒன்று என்ற கணக்கு நிற்காது.

## நேரில் கொடுப்பதே மேல் என்று சொல்லத்தக்க பொருள்கள்

பெரிதும் லேசும். கூரியர்கள் எடையோடு அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பரவலான வழக்கம். வருவது கிலோ கணக்கு. 60, 50, 40 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்த விளக்குக் கூடு இரண்டு கிலோ எடைதான் இருக்கும். கணக்கின்படி 1,20,000 ஐ 5000 ஆல் வகுத்தால் 24 கிலோ. கட்டணம் இருபத்து நான்குக்கு. நாற்காலி, ஓவியச் சட்டம், கூடை, பெரிய பொம்மை எல்லாம் இந்த வகை.

உடைவதும் சாயக்கூடாததும். பெரிய கண்ணாடியையும் தட்டைத் தொலைக்காட்சியையும் நிறுத்தியே கொண்டுபோக வேண்டும், படுக்க வைத்தால் நடுவில் அழுத்தம் விழுந்து விரிசல் விடும். குளிர்சாதனப் பெட்டியைச் சாய்த்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போகும், வந்த உடனே இயக்கினால் பழுது. நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட வேண்டும். இசைத்தட்டு சுழலும் கருவியில் தட்டையும் எடைக்கட்டியையும் கழற்றி, ஊசிக் கையைக் கட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் காரில் போனாலும் ஊசி போய்விடும். பார்சலில் "மேல்பக்கம் இது" என்று அம்புக்குறி போட்டு அனுப்புவதை நம்பி இவற்றைக் கூரியரில் போடுவதைவிட, சொந்தக் கையால் சுமப்பதே மேல்.

விமானத்தில் ஏற்றக் கூடாதவை. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகள் யூஎன் 3480 என்ற ஆபத்துச் சரக்கு எண்ணின் கீழ் வருகின்றன. 2016 ஏப்ரல் 1 முதல் இவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது அதே நாளில் வந்த விதி. மின்சைக்கிள் பேட்டரி, துளையிடும் கருவியின் மாற்று பேட்டரி ஆகியவற்றுக்குக் கூரியர்கள் தனி லேபிளும் தனி நிபந்தனையும் கேட்பது இதனால்தான். வாசனைத் திரவியமும் ஆல்கஹால் காரணமாகத் தீப்பற்றும் திரவ வகையில் சேரும். இவற்றை வாங்குபவர் பக்கத்தில் இருந்தால் அது விற்பவருக்கு அதிர்ஷ்டம். வீங்கிய பேட்டரியை மட்டும் எந்த வழியிலும் விற்கக் கூடாது.

உயிருள்ளவை. செடி, மீன்தொட்டித் தாவரம் முதலியவை இருட்டுப் பெட்டியில் மூன்று நாள் தாங்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இந்த வகைகளை விற்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விளம்பரம் போடும்போதே "நேரில் எடுத்துக்கொள்ளலாம்" என்ற தேர்வைச் சேர்த்துவிடுவது. ஈபேயில் வாங்குபவர் அந்தத் தேர்வோடு தளத்திலேயே பணம் கட்டினால் அவருக்கு ஒரு க்யூஆர் கோடும் ஆறு இலக்க எண்ணும் கிடைக்கும். பொருளைக் கொடுக்கும் நேரத்தில் விற்பவர் அதை ஆப்பில் ஸ்கேன் செய்கிறார், அல்லது எண்ணை உள்ளிடுகிறார். கூரியர்க்காரர் இல்லாத இடத்தில் அந்த எண் சாட்சியாகிறது. கவனிக்க வேண்டிய பொறி: ஆர்டர் கூரியர் தேர்வில் வந்திருந்தால் இந்த எண் உருவாகவே உருவாகாது. பிறகு பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்பதற்கு வழியில்லை.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரியான இடங்களில் நேரில் எடுக்கும் விற்பனைக்குத் தளத்தின் வாங்குபவர் பாதுகாப்பு பொருந்தாது. அங்கே இடர் வாங்குபவர் தலையில். அதனால் அவர் பார்த்துச் சோதித்துவிட்டுத்தான் பணம் தருவார், தரவும் வேண்டும்.

## முகவரி கொடுத்தது எதற்கு

கூரியருக்காகக் கொடுத்த முகவரியில் விற்பவரே சொல்லாமல் வந்து நின்றால் வாங்கியவருக்கு மகிழ்ச்சி வருமா, அச்சம் வருமா? தனியாக இருப்பவருக்கு அச்சம்தான் வரும். பெயர் தெரிந்த, என்ன வாங்கினார் என்று தெரிந்த, முன்பின் பார்த்திராத ஒருவர் வாசலில். "சீக்கிரம் கொண்டுவந்தேன், பாராட்டுவார்" என்று எதிர்பார்த்தவருக்குக் குறைந்த மதிப்பெண் விழுவது இதனால்தான். சில பொருள்கள் அந்தரங்கமானவை. உள்ளூரில் யாருக்கும் தெரியாமல் வாங்கத்தான் ஆன்லைனுக்கே வந்திருப்பார்.

விதிகளும் இந்தப் பக்கமே. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை அதற்குப் பொருந்தாத வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தளங்களும் வாங்கியவரின் விவரங்களை அந்த ஆர்டரை முடிக்க மட்டுமே பயன்படுத்தச் சொல்கின்றன. நேரில் கொடுப்பது ஆர்டரை முடிப்பதுதான் என்று வாதாடலாம். ஆனாலும் முன்கூட்டிக் கேட்காமல் போவதற்கு அது சாக்கு ஆகாது. கேட்பது ஒரு முறை, தளத்தின் செய்திப் பெட்டியில், மறுக்க எளிதான விதத்தில். பதில் வராவிட்டால் கூரியர். இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

## பணத்துக்குப் பாதுகாப்பான இடமும் ஆளுக்குப் பாதுகாப்பான இடமும்

இந்த விஷயத்தின் கடினமான முடிச்சு இதுதான். பணத்தைக் காக்க, ஆர்டரில் உள்ள முகவரியிலேயே கொடுக்க வேண்டும். முகவரி பொருந்தினால்தான் வங்கியிடம் பேச முடியும். ஆளைக் காக்க, வெளிச்சமும் கூட்டமும் உள்ள பொது இடத்தில் கொடுக்க வேண்டும். அங்கே முகவரி என்ற சான்று கிடையாது. இரண்டையும் ஒரே இடத்தில் பெற முடியாது.

விலை குறைவு என்றால் பொது இடம். பணம் போனாலும் தாங்கிக்கொள்ளலாம். விலை அதிகம் என்றால், தளத்தின் எண் முறை இருந்தால் மட்டும் பொது இடம், இல்லாவிட்டால் கூரியர். தெரியாதவர் வீட்டுக்குள் நுழைவதோ, தெரியாதவரைத் தன் வீட்டுக்குள் விடுவதோ எந்த விலையிலும் தேவையில்லை.

## மோசடி எந்த வடிவில் வரும்

1. திருட்டுக் கார்டு. ஒருவர் வேறொருவரின் கார்டில் பணம் கட்டிவிட்டு "நேரில் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். டெலிவரி முகவரி என்ற தடயமே இல்லாததால் அவருக்கு இது வசதி. வாரங்கள் கழித்து உண்மையான கார்டுதாரர் வங்கியில் முறையிடுகிறார். எடுத்துக்கொண்டவரின் அடையாளம் விற்பவரிடம் இல்லை.

2. "என் தம்பி வருவான்." பெயர் பொருந்தாத மூன்றாம் ஆள் வந்து எடுத்துப் போகிறார். பிறகு ஆர்டர் போட்டவர் "நான் யாரையும் அனுப்பவில்லை" என்கிறார். வாங்குபவர் தானே ஏற்பாடு செய்த வண்டி வந்து எடுக்கும்போது சட்டம் சில இடங்களில் விற்பவருக்கு ஆதரவாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை நெறிமுறையின் 20ஆம் பிரிவுப்படி, விற்பவர் முன்வைக்காத கூரியரை நுகர்வோரே அமர்த்தியிருந்தால், அந்தக் கூரியரிடம் கொடுத்த கணமே இடர் வாங்குபவருக்கு மாறும். ஆனால் அமர்த்தியது அவர்தான் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும்.

3. "ஆர்டரை ரத்து செய்யுங்கள், நேரில் பணம் தருகிறேன்." தளத்தின் கமிஷனைத் தவிர்க்கும் யோசனை. கணக்கு முடக்கப்படலாம்; "சரக்கு இல்லை" என்று காரணம் போட்டு ரத்து செய்தால் விற்பவரின் தரக் கணக்கில் குறையாக ஏறும். ரத்து செய்தபின் ஆள் வராமல் போவதும் உண்டு.

4. கைப்பேசித் திரை ஆதாரம். "பணம் அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்று கைப்பேசித் திரையைக் காட்டுவது. காட்டுவது பழைய பரிமாற்றமாகவோ போலி ஆப்பாகவோ இருக்கலாம். சொந்தக் கணக்கில் வரவு தெரிந்த பின்தான் கையை விட்டுப் பொருள் போக வேண்டும்.

5. மாற்றித் திருப்புவது. நல்ல பொருளை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த பழுதானதைத் "இதுதான் நீங்கள் கொடுத்தது" என்று திருப்புவது. வரிசை எண் குறித்து வைத்திருந்தால் இது நடக்காது. கைப்பேசியில் \*#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைக் குறிக்க அரை நிமிடம் போதும்.

## கொடுப்பதென்று முடிவானால்

1. பேச்சு முழுதும் தளத்தின் செய்திப் பெட்டியில் நடக்கட்டும். தகராறில் ஊழியரால் படிக்க முடிவது அதை மட்டுமே. வெளி ஆப்பில் பேசியதைப் படம் பிடித்து அனுப்பினாலும் அதற்கு மதிப்புக் குறைவு.
2. "கூரியருக்குப் பதிலாக நேரில் பெறச் சம்மதிக்கிறேன்" என்று வாங்குபவர் தன் கையால் எழுத வேண்டும். விற்பவர் எழுதி, அவர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜி போடுவது போதாது.
3. கிளம்பும் முன் பொருளையும் வரிசை எண்ணையும் ஒரே படத்தில் எடுங்கள். இயங்கும் பொருள் என்றால் இயங்குவதை ஒரு நிமிட வீடியோ.
4. ஒரு துண்டுச் சீட்டு, இரண்டு பிரதி: ஆர்டர் எண், பொருள், வரிசை எண், தேதி, நேரம், பெறுபவர் பெயர், கையெழுத்து. நேரில் எடுத்த பொருளுக்கான சார்ஜ்பேக்கில் கார்டுதாரர் கையெழுத்திட்ட இந்த மாதிரிச் சீட்டையும், காட்டிய அடையாள ஆவணத்தின் விவரத்தையும் விசா சான்றாக ஏற்கிறது. அடையாள அட்டையைப் படம் எடுப்பதைவிட, எந்த ஆவணம் என்பதையும் பெயர் பொருந்தியதையும் சீட்டில் குறிப்பது நாகரிகம்.
5. திறந்து காட்டி, இயக்கிக் காட்டிக் கொடுங்கள். அவசரப்படுத்த வேண்டாம்.
6. இருக்கும் இடத்திலேயே, செய்திப் பெட்டியில் "பொருள் கிடைத்தது, சரியாக இயங்குகிறது" என்று அவரை ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நேரமுத்திரையோடு, அவர் கணக்கிலிருந்தே வரும் வாக்குமூலம் அது. வீட்டுக்குப் போன பிறகு கேட்டால் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள்.
7. அதன் பிறகே தளத்தில் "கொடுக்கப்பட்டது" என்று குறியுங்கள். முந்திக் குறித்துவிட்டு அன்று சந்திப்பு தள்ளிப்போனால் பதிவே உங்களுக்கு எதிராகும்.
8. ஆள் வரவில்லை என்றால் 15 நிமிடம் காத்திருந்து, செய்தி ஒன்று போட்டுவிட்டுத் திரும்புங்கள். வாசலிலோ பக்கத்து வீட்டிலோ வைத்துவிட்டு வருவது மட்டும் வேண்டாம். கூரியர்க்காரர் அப்படி வைத்தால் அவருடைய ஸ்கேன் இருக்கிறது, உங்களுக்கு எதுவும் இல்லை. அடுத்த நாள் கூரியரில் போடுங்கள்.

## கட்டிய கூரியர் காசு யாருக்கு

சட்டக் கேள்வியாக இது சிக்கலானது, வழக்கமாகப் பார்த்தால் எளிது: செலவாகாத கூரியர் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. விற்பவரின் நேரமும் எரிபொருளும் செலவுதான். ஆனால் தெருமுனையிலிருந்து நடந்து வந்தவர் முழுக் கூரியர் கட்டணத்தை வைத்துக்கொண்டார் என்ற எண்ணம் வந்துவிட்டால், அடுத்து வருவது புகார். பாதியை வைத்துக்கொள்வதென்றால் கிளம்பும் முன்பே எழுதிச் சொல்லிவிட வேண்டும்.

திருப்புவதைத் தளத்தின் பகுதி ரீஃபண்ட் வசதி வழியாகவே செய்யுங்கள். ஈபே போன்ற தளங்கள் கமிஷனைப் பொருள் விலைக்கு மட்டுமின்றிக் கூரியர் கட்டணம் சேர்ந்த மொத்தத்துக்கும் கணக்கிடுகின்றன. கையில் காசாகத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பகுதிக்கான கமிஷன் உங்கள் பக்கமே நஷ்டமாக நிற்கும், கொடுத்ததற்குப் பதிவும் இருக்காது.

## வண்டிக் காப்பீடு

அடிக்கடி கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் தங்கள் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான காப்பீடுகள் பலவற்றில், கட்டணத்துக்கோ வணிகத்துக்கோ சரக்கு கொண்டுபோகும்போது நடக்கும் விபத்துக்கு இழப்பீடு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பழைய மேசையைக் கொண்டுபோவது ஒன்று, வாரத்துக்கு பத்து டெலிவரி இன்னொன்று. அதோடு கூரியரில் காப்பீடு எடுத்த பொருள் வழியில் உடைந்தால் கூரியரிடம் கேட்கலாம். சொந்த வண்டியில் உடைந்தால் கேட்க ஆளில்லை. நுகர்வோர் கையில் பொருள் சேரும் வரை இடர் விற்கும் வணிகருடையதே என்று பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கியவர் வீட்டுப் படியில் கால் தடுக்கிக் கண்ணாடி உடைந்தாலும் அது இன்னும் விற்பவரின் கண்ணாடிதான்.

## வாங்குபவர் கேட்டு, விற்பவர் மறுக்க நினைத்தால்

மறுப்பதில் குற்ற உணர்வு தேவையில்லை. விளம்பரத்தில் சொன்னது கூரியர், வாங்கியவர் ஏற்றதும் கூரியர். பதிலில் அவரைச் சந்தேகிப்பதாகத் தொனிக்காமல் இருந்தால் போதும்: "தளத்தின் பாதுகாப்பு டிராக்கிங் உள்ள பார்சலுக்குத்தான் நம் இருவருக்கும் கிடைக்கும், அதனால் கூரியரிலேயே அனுப்புகிறேன். பக்கத்தில் இருப்பதால் நாளையோ மறுநாளோ வந்துவிடும்." இந்த அளவுக்கு மேல் விளக்கம் எழுத வேண்டாம். இதற்குப் பிறகும் வற்புறுத்தி, ஆர்டரை ரத்து செய்யச் சொல்லி, வெளியில் பணம் தருவதாகச் சொன்னால், மேலே உள்ள மோசடிப் பட்டியலின் மூன்றாவது எண்ணை இன்னொரு முறை படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.